போரில் சிக்கிய குழந்தைகளின் செய்திப்படங்கள்: கண்காட்சியில் முகத்தையும் பெயரையும் காட்டலாமா?

கேள்வி: கோவை_படக்குழு

அனைவருக்கும் வணக்கம். கோவையில் இயங்கும் எங்கள் ஒளிப்படக் குழு, போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்த செய்திப்படங்களை மட்டும் வைத்து, வரும் நவம்பரில் ஒரு நூலக அரங்கில் மூன்று நாள் கண்காட்சி நடத்தவிருக்கிறது. படங்களுக்கான உரிமையைச் செய்தி நிறுவனங்களிடமிருந்து முறைப்படி பெறும் வேலை தனியாக நடந்துகொண்டிருப்பதால் அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை. எங்கள் சிக்கல் வேறு.

பட்டியலில் இப்போது இருப்பவை பெரும்பாலும் எல்லோரும் அறிந்த படங்களே. 1972இல் வியட்நாமின் திராங் பாங்கில் நேபாம் எனும் எரிகுண்டின் தீக்காயங்களோடு ஓடிவந்த சிறுமி, 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் எடுக்கப்பட்ட பச்சைக் கண்களுடைய ஆப்கானியச் சிறுமி, 1993இல் சூடானின் அயோடில் பிணந்தின்னிக் கழுகின் முன்னே சுருண்டு கிடந்த குழந்தை, 2015இல் துருக்கியின் போத்ரும் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை, 2016இல் சிரியாவின் அலெப்போவில் ஆம்புலன்ஸ் இருக்கையில் புழுதியும் இரத்தமுமாக உட்கார்ந்திருந்த சிறுவன், அண்மை ஆண்டுகளில் காசாவில் எடுக்கப்பட்ட சில படங்கள். இவற்றோடு, எங்கள் உறுப்பினர் ஒருவர் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் எடுத்த குழந்தைகளின் படங்களையும் சேர்க்கலாம் என்கிறார்.

குழுவுக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தன் விருப்பத்தைச் சொல்ல முடியாத நிலையிலிருந்த ஒரு குழந்தையின் முகத்தையும் உடலையும் சுவரில் மாட்டி, மாலையில் தேநீர் குடித்தபடி பார்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஒரு தரப்பு கேட்கிறது. முகத்தை மறைத்த படத்தை மாட்டுவதற்குக் கண்காட்சியே வேண்டாம் என்கிறது மறுதரப்பு. பெயரை எழுதுவதா, வெறும் ஊரையும் ஆண்டையும் எழுதுவதா என்பதிலும் முடிவு எட்டவில்லை. பள்ளி மாணவர்களும் வருவார்கள் என்பதால் எச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படுகிறது. இத்துறையில் வேலை செய்தவர்களும் இவ்விஷயத்தை நெருங்கி அறிந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுமொழி 1: பழைய_படமேசை

நாளிதழ் ஒன்றின் படப்பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முகத்தைக் காட்டலாமா என்ற கேள்விக்கு எல்லாப் படங்களுக்கும் சேர்த்து ஒரே விடை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் விடை கண்டுபிடிக்க எளிதான வழி ஒன்று உண்டு: படம் எடுக்கப்பட்ட பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதை உங்களால் படக்குறிப்பில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடிந்த படத்தை மாட்டலாம். எழுத முடியாத படத்தை ஏன் மாட்டுகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

திராங் பாங் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1972 ஜூன் 8 அன்று அந்த ஊரின் மீது நேபாம் வீசியது தென் வியட்நாம் விமானப்படையின் விமானம். குண்டு அமெரிக்காவில் செய்யப்பட்டது என்பதும், போரை நடத்தியதில் அமெரிக்காவின் பங்கும் உண்மையே. ஆயினும் ‘அமெரிக்க விமானம் வீசிய குண்டு’ என்று நம் இதழ்களில் இன்றுவரை அச்சாகிவருவது தவறு. படத்தில் ஆடையின்றி ஓடிவருகிற கிம் ஃபுக்குக்கு அப்போது வயது ஒன்பது. இடது ஓரத்தில் வாய் பிளந்து அலறியபடி ஓடுகிறவன் அவருடைய அண்ணன். பின்னால் திரும்பிப் பார்த்தபடி வருகிற சின்னவன் தம்பி. வலப்புறம் கைகோத்து வருகிறவர்கள் உறவுக்காரக் குழந்தைகள். ஐந்து குழந்தைகளில் நால்வரை ‘மற்றும் சிலர்’ ஆக்கிவிட்டு ஒருவரை மட்டும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது.

முழுச் சட்டகத்தில் வலது ஓரத்தில் சீருடையில் நின்று தன் கேமராவில் கவனமாக இருக்கும் இன்னொருவரும் தெரிவார். பெரும்பாலான இதழ்கள் அவரை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டன. உங்களுக்குக் கிடைக்குமானால் வெட்டாத சட்டகத்தையே மாட்டுங்கள். குழந்தைகள் ஆளில்லாத சாலையில் ஓடவில்லை. படைவீரர்களும் கேமராக்களும் சூழ்ந்த சாலையில்தான் ஓடினார்கள் என்பது அதில்தான் தெரிகிறது.

அந்தப் படத்தை அனுப்புவதா என்பதில் ஏபி செய்தி நிறுவனத்தின் சைகோன் அலுவலகத்திலேயே வாக்குவாதம் நடந்தது. ஆடையில்லாத உருவத்தை முன்பக்கமாகக் காட்டும் படங்களை அனுப்புவதில்லை என்பது அன்றைய வழக்கம். படப்பிரிவுத் தலைவர் ஹார்ஸ்ட் ஃபாஸ் விடாப்பிடியாக நின்று நியூயார்க் தலைமையகத்தின் சம்மதத்தைப் பெற்றார். சிறுமியை மட்டும் தனியே நெருக்கத்தில் காட்டும் படத்தை அனுப்பக் கூடாது என்பது அப்போது எட்டிய உடன்பாடு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, நெருக்கடி நேரத்தில், ஒரு குழந்தையின் உடலை எவ்வளவு தூரத்திலிருந்து காட்டுவது என்று எல்லை வகுத்திருக்கிறார்கள் என்பதை இன்று யாரும் பேசுவதில்லை. படத்தை எடுத்தவராக அறியப்பட்ட ஏபியின் ஒளிப்படக்காரர் நிக் உட் குழந்தைகளைத் தம் வண்டியில் ஏற்றி கூ சி மருத்துவமனையில் சேர்த்தார். கிம் ஃபுக் ஓராண்டுக்கும் மேல் மருத்துவமனையில் இருந்தார்.

பிற்காலம் இன்னும் சிக்கலானது. வியட்நாம் அரசு அவரைப் பரப்புரைச் சின்னமாகப் பயன்படுத்தியதால் அவருடைய மருத்துவப் படிப்பு நின்றது. கியூபாவுக்குப் படிக்கச் சென்றவர், 1992இல் கணவரோடு மாஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில் விமானம் எரிபொருள் நிரப்ப கனடாவில் இறங்கியபோது அங்கேயே தஞ்சம் கோரினார். அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் வெறுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அதையே துணையாகக் கொண்டு போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக அறக்கட்டளை நடத்துகிறார். இவ்வளவையும் எழுத முடிவதால் இந்தப் படத்தை மாட்டலாம் என்பேன்.

சூடான் படத்தில் எனக்குத் தயக்கம் உண்டு; அதற்குக் காரணம் படமும் அன்று, அதை எடுத்த கெவின் கார்ட்டரும் அல்லர், நம் வாட்ஸ்அப் குழுக்கள். கழுகு குழந்தையைத் தின்றுவிட்டது என்றும், ‘அங்கே இருந்தது இரண்டு கழுகுகள், ஒன்றின் கையில் கேமரா இருந்தது’ என்று யாரோ தொலைபேசியில் கேட்டதால் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் ஒரு கதை தமிழில் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. 1993 மார்ச் இறுதியில் படத்தை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ், வாசகர்கள் கேட்டுக் குவித்ததால் சில நாள்களில் ஒரு விளக்கம் வெளியிட்டது: கழுகு விரட்டப்பட்ட பிறகு குழந்தை எழுந்து நடையைத் தொடர்ந்தது, உணவு மையத்தை அடைந்ததா என்பது தெரியவில்லை என்பதே அதன் சாரம். படத்தை உற்றுப் பார்த்தால் குழந்தையின் மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை தெரியும்; நிவாரணப் பணியாளர்களின் கணக்கில் அக்குழந்தை ஏற்கெனவே பதிவாகியிருந்தது என்பதற்கு அது அடையாளம். அது சிறுவன் என்றும், அப்போது பிழைத்துக்கொண்டான் என்றும், வளர்ந்தபின் காய்ச்சலில் இறந்தான் என்றும் 2011இல் எல் முண்டோ என்ற ஸ்பானிய நாளிதழ் அவன் ஊருக்கே சென்று விசாரித்து எழுதியது. கார்ட்டர் 1994 ஜூலையில் இறந்தார். தென்னாப்பிரிக்க வன்முறையில் கண்ட சாவுகள், அவ்வாண்டு ஏப்ரலில் சுடப்பட்டு இறந்த நண்பர் கென் ஊஸ்டர்புரூக்கின் இழப்பு, பணநெருக்கடி என்று பலவும் அவரை அழுத்திக்கொண்டிருந்தன. இதையெல்லாம் பத்து வரியில் எழுதி மாட்டுவதானால் மாட்டுங்கள். படத்தை மட்டும் மாட்டினால், வருகிறவர்கள் வாட்ஸ்அப் கதையைத் தங்கள் மனத்திலிருந்து தாங்களே அதன் கீழே எழுதிக்கொள்வார்கள்.

மறுமொழி 2: வன்னிக்காரி

ஐயா எழுதியதை வாசித்தேன். நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், அதாவது படத்துக்குள் இருந்தவர்களின் பக்கத்திலிருந்து.

2009ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை அடைத்து வைத்திருந்த முகாம்களில் அதுவே பெரியது. தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நிற்கையில் வெளிநாட்டவர் ஒருவர் என்னைப் படம் எடுத்தார். பேன் மிகுந்திருந்ததால் எனக்குத் தலையை மொட்டையாக வழித்திருந்தார்கள். ஒரு கையில் அலுமினியச் சட்டி, இடுப்பில் தம்பி. அந்த மனிதர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், என் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். பல வருடங்கள் கழித்து, புலம்பெயர்ந்த நாட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் நிதி சேகரிப்புத் துண்டுப்பிரசுரத்தில் அதே படத்தைக் கண்டேன். அதில் என் பெயர் வேறாக இருந்தது. பெற்றோரை இழந்தவள் என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பின்னால் நாலு அடி தள்ளித் தறப்பாளின் நிழலில் என் அம்மா நின்றுகொண்டிருந்தார். பிரசுரத்தில் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருந்தது.

எடுத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அனுப்பிய படம் எத்தனை மேசைகளைக் கடந்து அந்தத் தாளுக்கு வந்ததோ, அந்த வழியில் யாரோ ஒருவருக்கு அம்மா இல்லாத பிள்ளை தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் குழுவுக்கு என் வேண்டுகோள், முகம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்பே, சட்டகத்தில் யார் யார் வெட்டப்பட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். போரில் சிக்கிய பிள்ளை என்றால் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்று படம் பார்ப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நாங்கள் ஒருநாளும் தனியாக நிற்கவில்லை. நிற்க இடமே இருக்கவில்லை.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் வன்னி இல்லை. அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னார்கள். சுதந்திரமான செய்தியாளர்கள் யாரையும் போர்ப்பகுதிக்குள் விடவில்லை. திராங் பாங்கில் குண்டு விழுந்த அன்று சாலையில் ஒரு கூட்டம் செய்தியாளர்களாவது நின்றார்கள். எங்களுக்கு இருந்தது உள்ளேயே அகப்பட்டிருந்த சிலரின் சிறிய கேமராக்களும், பதுங்குகுழிக்குள் இருந்து எடுத்த கலங்கலான காணொளிகளும்தான். உலகப் புகழ்பெற்ற படங்களை மட்டும் வரிசையாக மாட்டினால், படம் இல்லாத இடத்தில் போரே நடக்கவில்லை என்பதுபோல் ஆகிவிடும். ஒரு சட்டகத்தை வெறுமையாக விட்டு, இங்கே ஏன் படம் இல்லை என்று எழுதி வைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்களைச் சேர்க்கச் சொல்லி யாராவது உங்களிடம் வருவார்கள். 2013 பெப்ரவரியில் சேனல் 4 ஆவணப்பட இயக்குநர் கலம் மக்ரே வழியாக வெளிவந்து, அடுத்த மாதம் தமிழ்நாட்டு மாணவர் போராட்டங்களில் பதாகைகளாக ஏந்தப்பட்ட படங்கள் அவை. மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பிறகு மார்பில் குண்டுக் காயங்களோடு அதே பிள்ளை. இலங்கை இராணுவம் அவற்றை ஏற்க மறுத்தது. அவற்றை உங்கள் கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவை செய்தியாளர் எடுத்தவை அல்ல. அவனைக் கையில் வைத்திருந்தவர்கள் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவையாகவே தெரிகின்றன. அவை விசாரணைக்கு உரிய சான்றுகள். அழகாகச் சட்டமிட்டு விளக்கொளியில் மாட்டிய மறுகணமே எடுத்தவனின் பார்வையை நாமும் கடன் வாங்கிக்கொள்கிறோம்.

மறுமொழி 3: சிறார்நலப்_பணியாளர்

வன்னிக்காரி அக்கா எழுதியதற்குப் பிறகு சட்டம் பேசுவது சற்று வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் முகாம் குழந்தைகளின் படங்கள் பற்றி ஒருவரும் இதுவரை சொல்லாததால் எழுதுகிறேன். அவற்றை வைக்க வேண்டாம், அல்லது முகம் தெரியாதவற்றை மட்டும் வைக்கவும்.

சிறார் நீதிச் சட்டம், 2015, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் யார் என்று வரையறுக்கும்போது ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட குழந்தைகளையும் அதில் சேர்த்திருக்கிறது. அதன் 74ஆவது பிரிவு, அத்தகைய குழந்தைகள் தொடர்பான விசாரணை, புலனாய்வு, நீதிமன்ற நடவடிக்கை பற்றிய செய்திகளில் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் கண்காட்சி அப்படியொரு செய்தியன்று, ஆகவே சட்டம் நேரடியாகப் பாயாது. ஆயினும் அதன் நோக்கத்தைப் பாருங்கள். முகாமில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். அவர்களில் பலர் தாம் முகாமிலிருந்து வருவதை வகுப்புத் தோழர்களிடம் சொல்வதில்லை. உங்கள் கண்காட்சிக்கு வரும் பள்ளிப் பேருந்தில் அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளையே வந்து இறங்கக்கூடும். வியட்நாம் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

யுனிசெஃப் வகுத்துள்ள செய்தி நெறிமுறைகளும் இதையொட்டியே அமைந்தவை. குழந்தைக்குப் பழிவாங்கலோ அவமானமோ நேரக்கூடிய சூழலில் பெயரை மாற்றுவதும் முகத்தை மறைப்பதும் கட்டாயம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு அதில் விலக்கே கிடையாது. முன்னாள் சிறார் போராளிகள், அகதிகள், தஞ்சம் கோருவோர் ஆகியோரின் விஷயத்தில் ஆபத்தை எடைபோட்டு முடிவு செய்யச் சொல்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பது இங்கே பெரிய விடையாகாது. உணவுப் பொட்டலம் கொடுக்கும் அமைப்பே ஒப்புதல் தாளையும் நீட்டும்போது எந்தத் தாய் மறுப்பாள்?

பெயர் தெரிந்தால் நன்மையே என்றும் எண்ண வேண்டாம். ஆப்கானியச் சிறுமியின் படம் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் 1985 ஜூனில் வந்தது. எடுத்த ஸ்டீவ் மெக்கரி 2002இல் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அவர் பெயர் ஷர்பத் குலா என்பது உலகுக்குத் தெரியாது. 2016இல் பாகிஸ்தானில் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாக அவர் கைது செய்யப்பட்டபோது, அதே முகம் அதே கண்கள் என்று உலகச் செய்தியானார். தலிபான் ஆட்சி திரும்பியபின் 2021இல் இத்தாலி அவருக்குப் புகலிடம் கொடுத்தது. அலெப்போ சிறுவன் ஒம்ரான் தக்னீஷின் நிலையும் இதேதான். அந்தத் தாக்குதலில் காயமுற்ற அவன் அண்ணன் அலி சில நாள்களில் இறந்தான்; சிரியப் போரின் இரு தரப்பும் அந்த முகத்தைத் தம் வாதத்துக்கு இழுத்ததால், அவனை யாரும் கண்டுகொள்ளாதிருக்கப் பெயரை மாற்றி முடியையும் வெட்டியதாக 2017இல் அவன் தந்தை கூறினார்.

பள்ளி மாணவர்கள் வருவதைப் பொறுத்தவரை, இறந்த குழந்தைகளின் படங்களைத் தனி அறையில் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாயிலிலேயே வெளிப்படையாக எழுதி, ஆசிரியர்கள் முன்னதாக வந்து பார்த்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். சிறுவர்களுக்கு இரத்தப் படம் இல்லாமலே புரியும். 1948இல் யுனிசெஃபுக்காக டேவிட் சீமோர் வார்சாவில் எடுத்த படம் ஒன்று உண்டு. மனநலம் குன்றிய குழந்தைகளுக்கான பள்ளியில், உன் வீட்டை வரை என்று சொன்னதும் தெரேஸ்கா என்ற சிறுமி கரும்பலகை முழுவதும் சாக்கட்டியால் சுழற்றிச் சுழற்றிக் கோடுகளை இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். வதைமுகாமில் வளர்ந்தவள் என்று பலகாலம் எழுதிவந்தார்கள். அவள் வார்சாவிலேயே குண்டுவீச்சில் தலையில் காயம்பட்டவள் என்று பின்னர் நடந்த தேடலில் தெரிந்தது. பழைய புத்தகங்களிலிருந்து குறிப்பை அப்படியே படியெடுக்காதீர்கள்.

மறுமொழி 4: தெருவோர_லென்ஸ்

மூவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் இந்தத் திரி செல்லும் போக்கில் போனால் கடைசியில் சுவரில் படக்குறிப்பு மட்டும்தான் மிஞ்சும் என்று அஞ்சுகிறேன். குழந்தையைக் காக்கிறோம் என்ற பெயரில் குண்டு போட்டவனையே காப்பாற்றிவிடுகிற அபாயம் இருக்கிறது. 2016இல் நார்வேயில் என்ன நடந்தது என்பதை நினைவூட்டுகிறேன். எழுத்தாளர் ஒருவர் திராங் பாங் படத்தை ஃபேஸ்புக்கில் இட்டபோது, ஆடையில்லாக் குழந்தை என்ற விதியைக் காட்டி நிறுவனம் அதை நீக்கியது. அஃப்டன்போஸ்டன் நாளிதழின் ஆசிரியர் முதல் பக்கத்திலேயே மார்க் சக்கர்பெர்குக்குக் கடிதம் எழுதினார். பிரதமர் எர்னா சோல்பெர்க் இட்ட படமும் நீக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகே ஃபேஸ்புக் பின்வாங்கியது. விதியை எழுதியவர்கள் யாரும் தீயவர்கள் அல்லர். விதிக்குக் குழந்தையின் உடல் தெரிந்தது, போர் தெரியவில்லை.

‘பிறகு என்ன ஆயிற்று’ என்று எழுத முடிந்தால்தான் மாட்டலாம் என்ற ஐயாவின் அளவுகோலையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. போத்ரும் கடற்கரையில் நிலூஃபர் தெமிர் எடுத்த படத்தில் ‘பிறகு’ என்பதே இல்லை. அக்குழந்தையும் அண்ணனும் தாயும் அன்றே இறந்துவிட்டார்கள். இறந்தவருக்கு அடுத்த நாள் கிடையாது என்பதால் அவர் படத்தை மறைத்துவிடலாமா? அன்று சில நாளிதழ்கள் முகம் மணலில் புதைந்த படத்தையே முதல் பக்கத்தில் வெளியிட்டன. வேறு சில, காவலர் உடலைத் தூக்கிச் செல்லும் படத்தைத் தேர்ந்தன. முதல் படத்தைக் கண்ட பிறகுதான் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சிரிய அகதிகளுக்கான நன்கொடை பல மடங்கு குவிந்தது. ஆறு வாரத்துக்குள் பழைய நிலையை நோக்கி இறங்கியும் விட்டது என்பது உண்மைதான். ஆனால் அது படத்தின் குறையா, பார்த்தவர்களின் குறையா? ஒரு திருத்தம் மட்டும்: அக்குழந்தையின் பெயர் ஆலன். ‘அய்லான்’ என்று தமிழில் பரவியது முதல் நாள் துருக்கியிலிருந்து வந்த பிழை.

கொடூரத்தைக் காட்டாமலே முகத்தைக் காட்டிய படத்துக்குச் சான்று வேண்டுமென்றால், 2025இல் உலகச் செய்திப்பட விருதில் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானதைப் பாருங்கள். காசாவைச் சேர்ந்த சமர் அபு எலூஃப் எடுத்தது. படத்திலுள்ள மஹ்மூத் அஜ்ஜூருக்கு ஒன்பது வயது. 2024 மார்ச்சில் நடந்த தாக்குதலில் இரு கைகளையும் இழந்தவன். கைகள் இருக்க வேண்டிய இடத்தில் பனியனின் ஓரத்தோடு உடல் முடிந்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் நிற்கிறது. அவன் கேமராவைப் பார்க்கவில்லை. சமரும் காசாவிலிருந்து வெளியேறி தோஹாவில் அச்சிறுவன் இருந்த குடியிருப்பிலேயே தங்கியிருந்தவர். பலமுறை பேசிப் பழகிய பிறகு எடுத்த படம் என்பது பார்த்தாலே தெரிகிறது. இந்தப் படத்துக்கு முந்தைய ஆண்டு அதே விருதைப் பெற்றது முகமது சலேமின் படம். கான் யூனிஸ் மருத்துவமனையில் ஒரு பெண், வெள்ளைத் துணியில் சுற்றிய தம் உறவுக் குழந்தையை மடியில் அணைத்துக் குனிந்திருக்கிறார். இருவர் முகமும் தெரியாது. முகம் வேண்டும் என்று வாதாடும் நானே, இரண்டையும் அடுத்தடுத்து மாட்டச் சொல்வேன்.

வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாக நுழைய முடியாத காசாவில், படம் எடுப்பவர்கள் அங்கேயே வீடிழந்தவர்கள், அங்கேயே பிள்ளைகளை வளர்ப்பவர்கள். வெளியிலிருந்து வருகிறவரின் பார்வை என்ற பழைய குற்றச்சாட்டு இவர்களிடம் செல்லாது.

கோவை_படக்குழு

நால்வருக்கும் நன்றி. நேற்றிரவு குழுவாக உட்கார்ந்து இத்திரியை உரக்க வாசித்தோம். முகாம் படங்களை நீக்கிவிட்டோம். எடுத்த உறுப்பினரே முன்வந்து விலக்கிக்கொண்டார். சூடான் படத்தை வைப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்கான பத்து வரியை எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். தெரேஸ்கா படத்துக்கு உரிமை கேட்டு எழுதியிருக்கிறோம். வன்னிக்கு வெறும் சட்டகம் என்ற யோசனையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அதன் குறிப்பை அக்காவே எழுதித் தந்தால் நன்றாக இருக்கும்.

ஐயாவிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. திராங் பாங் படத்தை எடுத்தவர் நிக் உட் அல்லர் என்று அண்மையில் ஒரு சர்ச்சை எழுந்ததே, படத்தின் கீழே யார் பெயரைப் போடுவது?

பழைய_படமேசை

2025 ஜனவரியில் வெளியான ஓர் ஆவணப்படம், அதை எடுத்தவர் அன்று அங்கிருந்த நுயென் தான் நே என்ற பகுதிநேர ஒளிப்படக்காரர் என்று வாதிட்டது. ஏபி விரிவாக ஆராய்ந்துவிட்டு, பெயரை மாற்றுவதற்குப் போதிய சான்று இல்லை என்று நிக் உட்டின் பெயரையே வைத்திருக்கிறது. உலகச் செய்திப்பட அமைப்போ, தனது பதிவில் எடுத்தவர் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறது. படத்துக்குக் கொடுத்த விருதைத் திரும்பப் பெறவில்லை. நீங்கள் உரிமை பெறுவது ஏபியிடம் என்பதால் அவர்கள் தரும் பெயரைத்தான் போட வேண்டும். அதன் அடியில், எடுத்தவர் யார் என்பதில் 2025 முதல் கருத்து வேறுபாடு உள்ளது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஐந்து குழந்தைகளைப் பற்றிய குறிப்பு அதற்கு மேலே வரட்டும். எழுத்து சிறிதாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூலக அரங்குகளில் வெளிச்சம் எப்போதும் குறைவு.

வன்னிக்காரி

குறிப்பை எழுதி அனுப்புகிறேன். ஞாயிறு வரை நேரம் கொடுங்கள். சட்டகத்தின் அளவு என்னவென்று சொன்னால் அதற்கேற்ப வரிகளைக் குறைத்துக்கொள்வேன்.